காவேரிக்கு ஒரு நேர்வழி

பிப்ரவரி 9, திங்கள்

பூபதிக்கும் காவேரிக்கும் நடுவே ஒரு நேர்வழி போட்டாக வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள்.

காவேரி என்னுடைய சர்வர். திருச்சியிலிருந்து கல்யாணச் சீரோடு சீராக வந்து இறங்கியவள். குத்துவிளக்கு, பித்தளைக் குடம், கட்டில், பீரோ, அப்புறம் ஆறு ஹார்ட் டிஸ்க் அடைத்த ஒரு கறுப்புப் பெட்டி. சீர் பார்க்க வந்தவர்கள் அதைப் புது மாதிரி கிரைண்டர் என்று நினைத்து, எத்தனை லிட்டர் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பூபதி இந்த வீட்டு சர்வர். மாடி அறையில் இருக்கிறது. என் கணவரின் பெயரும் பூபதிதான். நிறுவும்போது திரையில் 'பெயர்' என்று கேட்டதாம், இவர் தன் பெயரையே தட்டிவிட்டாராம். இன்ஜினியரிங் படித்த மனிதர். மூன்று வருஷமாக அதை மாற்றவும் இல்லை. பம்ப் செய்கிற கம்பெனிகளுக்கு, பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழலும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது இவர் தொழில். அதற்காக வாங்கிய பலசாலிப் பெட்டி அது. அதில் பாதி நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

என் தொழில் சினிமாவில் கம்பி அழிப்பது. ஹீரோ பறப்பார் அல்லவா, அவர் முதுகில் கட்டியிருக்கும் கம்பியை ஒவ்வொரு ஃபிரேமாக நான்தான் அழிக்கிறேன். காட்சிகளெல்லாம் கீழே என் அறையில் காவேரியிடம் கிடக்கின்றன. அவற்றைப் புரட்டும் பலம் பூபதியிடம். இருவரும் ஹாலில் உள்ள ரவுட்டர் வழியாகப் பேசிக்கொள்வதால் ஹீரோ பறக்காமல் விக்கி விக்கி நகர்கிறார்.

பெங்களூரிலிருந்து என் மேலதிகாரி ஷர்மிளா மேடம் இன்று கூப்பிட்டார். இருபத்தேழாம் தேதி திரையைப் பகிர்ந்து காட்ட வேண்டும். காட்சி தடங்கல் இல்லாமல் ஓடினால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் மார்ச் 9 முதல் பெங்களூர் ஆபீஸில் போய் உட்கார வேண்டும்.

எனக்கு எதுவானாலும் சரிதான். கல்யாணமாகி மூன்று வாரம்தான் ஆகிறது, இந்தக் கோயம்புத்தூரில் எனக்கு எந்தக் கடையும் தெரியாது. வேலை கெடக்கூடாது, அவ்வளவுதான். இவரிடமும் அப்படித்தான் சொன்னேன். "உனக்கு எது சௌகரியமோ அதப் பண்ணு" என்றார். நல்ல பதில்.

பிப்ரவரி 10

இரண்டு பெட்டியையும் ஒரே அறையில் வைத்தால் என்ன என்று அத்தை கேட்டார். அத்தை என் மாமியார். கேள்வி நியாயமானது. போன வாரம் வைத்தும் பார்த்தோம். ஃபியூஸ் போய்விட்டது. அத்தோடு, ஒரே அறையில் இவர் பக்கத்திலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால் எனக்கு வேலை ஓடாது. ஃபியூஸ்தான் முக்கியக் காரணம்.

அதனால் முடிவு இது. ரவுட்டர் வேண்டாம், எதுவும் நடுவில் வேண்டாம். இந்தப் பெட்டிக்கு ஒரு வேகமான கார்டு, அந்தப் பெட்டிக்கு ஒன்று, இரண்டையும் கண்ணாடி இழைக் கேபிளால் நேரே இணைப்பது. வேகம் பத்து மடங்கு. சாமான்களை ஆன்லைனில் ஆர்டர் போட்டாயிற்று.

மதியம் கொள்ளுப் பருப்பு. திருச்சியில் கொள்ளைக் குதிரைக்குத்தான் வைப்போம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. அப்ப நல்லா ஓடுவ, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்கோ என்றார்.

பிப்ரவரி 12

இன்று நான் செய்த காரியத்தை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையிலிருந்து மாடிப் பெட்டி அடிக்கடி உறைந்துபோனது. பெங்களூரில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் போனில் அலுத்துக்கொண்டிருந்தேன். "பூபதி மறுபடியும் செத்துட்டான்டி. காலைல இருந்து இதே கதை. பிளக்கைப் புடுங்கிட வேண்டியதுதான்."

திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் அத்தை, கையில் வேகவைத்த நிலக்கடலைத் தட்டோடு. இவர் அப்போது வீட்டில் இல்லை. அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தார்.

"ஏனம்மிணி, யாரு செத்துட்டாங்க?"

என் கண் திரையில் இருந்தது. புத்தி அதற்கு மேல் எங்கோ இருந்தது. "பூபதிதான் அத்தை" என்றேன், மிகச் சாதாரணமாக.

அத்தை தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே இவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "நாஞ் சாப்பிட்டேன், நீங்க சாப்பிட்டுக்கங்க" என்று இவர் குரல் வந்ததும் அத்தைக்கு உயிர் வந்தது. எனக்கும்தான்.

சாயங்காலம் இவர் வந்ததும் அத்தை வாசலிலேயே நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். பிறகு முட்டி வலியோடு மாடிப்படி ஏறிப் போய் அந்தப் பெட்டிக்கும் சுற்றிப் போட்டார். இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நான் தரையைப் பார்த்து நின்றேன். ஒருவரை ஒருவர் பார்த்திருந்தால் இருவரும் மாட்டியிருப்போம்.

"புருஷன் பேரச் சொல்றதெல்லாம் நாந் தப்புன்னு சொல்லமாட்டேங் கண்ணு. செத்துட்டான்னு மட்டும் சொல்லாத. மொதல்ல அந்தப் பொட்டிக்குப் பேர மாத்துங்க" என்றார் அத்தை. அதில் கொஞ்சமும் தவறில்லை.

பிப்ரவரி 13

காலையில் பார்த்தால் மாடிப் பெட்டியின் பெயர் மாறியிருக்கிறது. நொய்யல்.

நொய்யல் கோயம்புத்தூர் ஆறு. அது ஓடிப்போய்க் காவேரியில் கலக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் நானும் படித்திருக்கிறேன், இவரும் படித்திருப்பார். எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

சாமான்கள் வந்துவிட்டன. கார்டு இரண்டும் பழையவை, எங்கோ ஒரு பெரிய ஆபீஸில் கழித்துப் போட்டவை. கேபிள் மட்டும் புதிது. மயில்கழுத்து நிறம். அத்தை தடவிப் பார்த்துவிட்டு இந்த நிறத்தில் தன்னிடம் ஒரு சேலை இருப்பதாகச் சொல்லி எடுத்துவந்து காட்டினார். உண்மையிலேயே அதே நிறம். என் தோளில் போட்டுப் பார்த்தார். என்னிடமே விட்டுவிட்டும் போனார்.

கீழே காவேரிக்குள் கார்டைச் சொருகினேன். மாடியில் நொய்யலுக்கு இவர் சொருகினார். திருகாணி விழுந்துவிட்டது, டார்ச் பிடி என்று கூப்பிட்டார். பிடித்தேன். கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று. அது கண்ணெதிரே பெட்டி ஓரத்தில்தான் கிடந்தது. நான் முதலிலேயே பார்த்துவிட்டேன் என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

அப்போதுதான் மேஜை மேல் இவருடைய லேப்டாப்பைப் பார்த்தேன். பெங்களூரில் வாடகை வீடுகள். வரிசையாகப் பத்துப் பதினைந்து பார்த்திருக்கிறார். இரண்டு படுக்கையறை, தரைத்தளம் மட்டும், கோயில் நடந்துபோகிற தூரத்தில்.

எனக்கு வீடு பார்க்கிறார். தேர்வே இன்னும் நடக்கவில்லை, தோற்றுவிடுவேன் என்று முடிவு கட்டி அனுப்பிவைக்க ஏற்பாடு நடக்கிறது. தரைத்தளம்தான் வேண்டுமாம். எனக்கென்ன படியேறத் தெரியாதா? கோயிலாம். நான் கோயிலுக்குப் போய் இவர் எப்போது பார்த்தார்?

"அந்த ஊர்ல எந்தப் பக்கம் உனக்குப் புடிக்கும்?" என்று வேறு கேட்டார், திருகாணியை முடுக்கிக்கொண்டே. எந்தப் பக்கமானால் என்ன என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

ரசம் பொங்கி வழிந்துவிட்டது. கேபிள் போடவில்லை.

பிப்ரவரி 18

இன்றும் போடவில்லை. இவர் இரண்டு தடவை கீழே வந்து போடலாமா என்று கேட்டார். தலைவலி என்றேன். மூன்றாவது தடவை வந்து மேஜை மேல் தைலத்தை வைத்துவிட்டுப் போனார். தலைவலிக்காரிக்குத் தைலம் வைக்கத்தானே செய்வார்கள். இதில் எழுத ஒன்றும் இல்லை.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டே, பெங்களூரில் முருங்கைக்கீரை கிடைக்குமா, குளிர் முட்டிக்கு ஆகுமா என்று கேட்டார். எல்லாம் கிடைக்கும், குளிர்தான் கொஞ்சம் அதிகம் என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று தெரியவில்லை. பேச்சுக்குக் கேட்டிருப்பார்.

பிப்ரவரி 19

கோபத்தைத் தூக்கி வைத்துவிட்டுக் கேபிள் இழுத்தோம். தேதி நெருங்குகிறது. அதோடு, தோற்றுவிடுவேன் என்று நினைப்பவருக்குத் தோற்றுக் காட்ட நான் தயாராக இல்லை.

மாடியிலிருந்து டிஷ் ஆன்டெனா வயர் இறங்கும் குழாய் வழியாகத்தான் கேபிளையும் விட வேண்டும். குழாய் குறுகல். ஒரு கேபிளுக்குள் இரண்டு இழைகள். முனையில் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிப்போடு அது நுழையவில்லை. கழற்றினோம். எந்த இழை எந்தப் பக்கம் என்று அடையாளம் வைக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். அவர் வைத்திருப்பார் என்று நானும், நான் வைத்திருப்பேன் என்று அவரும் இருந்துவிட்டோம்.

விஷயம் சின்னதுதான். ஒரு இழை பேச, ஒரு இழை கேட்க. இந்தப் பெட்டியின் வாய் அந்தப் பெட்டியின் காதுக்குப் போக வேண்டும். வாய்க்கு வாய், காதுக்குக் காது என்று சொருகிவிட்டால் இரண்டும் பேசிக்கொண்டேயிருக்கும், ஒன்றுக்கும் கேட்காது. சரியாகச் சொருகியிருந்தால் பச்சை விளக்கு எரியும்.

எரியவில்லை. அப்படியானால் தலைகீழாகச் சொருகியிருக்கிறோம், மாற்றினால் தீர்ந்தது. மாற்றினேன். எரியவில்லை. கார்டு பழுதோ என்று சந்தேகம் வந்தது. பழையபடி மாற்றினேன். அப்போதும் இல்லை.

மாடி அறைக்கும் என் அறைக்கும் குரல் எட்டாது. அதனால் அத்தை படி நடுவில் உட்கார்ந்து சேதி கடத்தினார். கடத்தும்போது தன் சரக்கையும் சேர்த்துக்கொண்டார். நான் விளக்கு வந்ததா என்று கேட்டால், மேலே போய்ச் சேரும்போது அது, விளக்கு வந்துச்சான்னு கேக்கறா, பாவம் காலையில இருந்து டீ கூடக் குடிக்கல என்று ஆகியிருக்கும். இவர் இறங்கிவந்து டீ போட்டார். அரை மணி நேரம் அதில் போயிற்று.

டீக்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை. இழைக்குள் ஓடும் வெளிச்சத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. சில போன் கேமராக்களில் மட்டும் மங்கலாகத் தெரியும். என் போனில் தெரியவில்லை. அத்தையின் பழைய போனில் தெரிந்தது. என் முனையில், இடது இழையில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு. மாடியிலிருந்து வரும் பேச்சு அது. அதைக் காதில் வைக்க வேண்டும். வைத்தேன். விளக்கு எரியவில்லை. சந்தேகப்பட்டு மறுபடி உருவிப் பார்த்தேன். பொட்டு இப்போது வலது இழையில் இருந்தது.

வெளிச்சம் தானாக இடம் மாறாது. படியேறிப் போனேன். "நீங்களும் மாத்துனீங்களா?"

"ஆமா. நீ சிரமப்படறியேன்னு நானே மாத்தீட்டேன். ஒவ்வொரு தடவையும்."

"நானும் ஒவ்வொரு தடவையும் மாத்துனேன்."

நான் மாற்றும்போதெல்லாம் இவரும் மாற்றியிருக்கிறார். இரண்டு பேரும் மாற்றினால் ஒருவருமே மாற்றாத மாதிரிதான். காலை முழுதும் ஒருவருக்கொருவர் உதவி செய்து கெடுத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். சேதி கடத்த ஆளில்லாமல் அத்தை மேலே வந்து எங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார்.

"நீங்க கையக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, கீழே வந்து நான் மட்டும் மாற்றினேன். பச்சை விளக்கு.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சிரித்ததில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். மறந்துவிடப் போகிறேன்.

பிப்ரவரி 21

பறக்கிறது. முழுக் காட்சியும் தங்குதடை இல்லாமல் ஓடுகிறது. ஒரு டீ குடிக்கிற நேரம் பிடித்த வேலை, தும்மி முடிப்பதற்குள் முடிகிறது. வேண்டுமென்றே ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தையைக் கூப்பிட்டு ஹீரோ மலையிலிருந்து மலைக்குத் தாவுவதைக் காட்டினேன். முதலில் கம்பியோடு, பிறகு கம்பி இல்லாமல். கம்பி இல்லாததையே மறுபடி போடச் சொன்னார். கம்பி இருந்ததை யாரிடமும் சொல்லாதே, அந்தத் தம்பிக்கு மரியாதையாக இருக்காது என்றும் சொன்னார்.

இவர் வாசலில் சாய்ந்து நின்று பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். முகத்தில் கொஞ்சம் கவலை இருந்தது போலத் தெரிந்தது. அனுப்பிவைக்கும் ஏற்பாடு கெட்டுப்போகிறதே என்றிருக்கும்.

பிப்ரவரி 24

இவர் பேன்ட் சட்டையெல்லாம் அயர்ன் செய்து போட்டுக்கொண்டு, மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ காலில் வெகுநேரம் பேசினார். பம்ப் கம்பெனிக்காரர்களிடம் எப்போதும் கைலியோடுதான் பேசுவார். யாரோ பெரிய ஆள் போலிருக்கிறது.

பிப்ரவரி 27, வெள்ளி

பயந்தேன். பொய் எழுதுவானேன்.

காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. அத்தை கொடுத்த மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் யாரும் மிக்ஸி, மோட்டார், இஸ்திரிப்பெட்டி எதையும் தொடக்கூடாது என்று இவர் வீட்டுக்கே ஊரடங்கு போட்டார். தன் கணக்கையெல்லாம் நிறுத்திவிட்டு நொய்யலை முழுசாக எனக்கு விட்டுக்கொடுத்தார்.

ஷர்மிளா மேடம் காட்சியை ஓடவிடச் சொன்னார். ஓடியது. பின்னால் ஓட்டு என்றார், பின்னால் ஓடியது. அப்புறம் எதிர்பாராததாக ஒன்று கேட்டார். ஹீரோவின் வலது கை ஓரத்தில் கம்பியின் நிழல் மிச்சமிருக்கிறது, இப்போதே நான் பார்க்க எடு என்றார். ஆபீஸிலேயே இதைச் செய்ய, எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வருகிற நேரம் ஆகும். எடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் நிழல் போய்விட்டது. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

வீடியோ காலை முடித்துவிட்டுப் பார்த்தால், மடியில் வைத்திருந்த கை ஈரமாக இருக்கிறது. பெங்களூரில் மூன்று வருஷம் இருந்தவள் நான். அந்த ஊர் எனக்குப் பிடித்த ஊர்தான். அங்கே போக இவ்வளவு பயம் எதற்கு?

மார்ச் 1

அத்தை பரணிலிருந்து பெரிய டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்றால், சும்மா, தூசியாக இருக்கிறது என்கிறார்.

மார்ச் 2, திங்கள்

பதினொரு மணிக்கு ஷர்மிளா மேடத்தின் செய்தி வந்தது. வீட்டிலிருந்தே தொடரலாம், வாழ்த்துகள்.

மாடிப்படிக்குப் பக்கத்துச் சமையலறைக்கு ஓடினேன். அத்தையிடம் சொல்லும்போது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அத்தை கையில் மாவோடு என்னைக் கட்டிக்கொண்டார். சேமியாப் பாயசத்துக்கு முந்திரி இருக்கிறதா என்று டப்பா டப்பாவாகத் திறந்தார். டிரங்குப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்ற வேண்டும், எனக்கு ஒரு கை கொடு என்றார். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

இவரிடம் சொல்ல மாடிக்குப் போனேன். நான் போட்ட சத்தத்தில் கீழே நடந்தது மேலே எட்டியிருக்க வேண்டும். கதவு பாதி சாத்தியிருந்தது. இவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லீங் சார், வேலையில கொறையொண்ணும் இல்லீங்க. நல்ல வேலைதானுங்க. எம் பொண்டாட்டிக்கு இங்கிருந்தே வேலைன்னு ஆயிருச்சுங்க. அவ பெங்களூர் வர்றதா இருந்ததுனாலதான் நானும் அங்க வேலை கேட்டதுங்க. மன்னிச்சுக்கங்க சார்."

படியிலேயே நின்றுவிட்டேன். அயர்ன் செய்த சட்டை, தரைத்தளம், கோயில், முருங்கைக்கீரை, டிரங்குப் பெட்டி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக என் மேல் வந்து விழுந்தன. பிறந்ததிலிருந்து இருந்த ஊரையும், தன் பெயரைச் சொன்னால் தெரிகிற பம்ப் கம்பெனிகளையும் விட்டுவிட்டு வர இருந்திருக்கிறார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை.

உள்ளே போனேன். "பெங்களூர்ல எத்தனை பேருக்கு வீடு பாத்தீங்க?"

இவர் போனை மேஜையில் வைத்தார். "மூணு பேருக்கு. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால கீழ் வீடாப் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"உனக்கு அந்த ஊருதான் ஆசைன்னு நெனச்சேன். நீ எதுவானாலும் சரின்னு சொன்னியே, எம் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றேன்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்கு இங்கே இருக்கத்தான் ஆசை என்று சொன்னேன். முதல் நாளிலிருந்தே ஆசை, கேபிள் வாங்கியதே அதற்குத்தான் என்று சொன்னேன். இந்த ஊர் ஆசை இல்லை, இந்த ஊரில் எனக்கு இன்னும் ஒரு கடையும் தெரியாது, உங்களோடு இருக்கிற ஆசை என்றும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கீழே முந்திரி வறுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.